முதல் பட்டதாரிச் சான்றிதழ்

மே 8, வியாழன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. அறுநூறுக்கு 505. அழும்படியும் இல்லை, ஆடும்படியும் இல்லை.

அப்பா மினிபஸ்ஸை அறந்தாங்கி ஸ்டாண்டில் போட்டுவிட்டுப் போன் செய்தார். "ஐநூறத் தாண்டிருச்சுல்ல? அப்ப சரி தாயி" என்றார். பின்னால் யாரோ ஒரு பயணி, "பிள்ள என்ன படிக்கப் போவுதாம்?" என்று கேட்டது எனக்கே கேட்டது. இன்று மட்டும் இந்தக் கேள்வியைப் பதினொரு பேர் கேட்டுவிட்டார்கள். கூடப் படிக்கும் ஷமீமாவைக் கேட்டால் பட்டென்று நர்சிங் என்கிறாள். அஞ்சாம் வகுப்பிலிருந்து அதையேதான் சொல்கிறாள். எனக்கு எதைச் சொன்னாலும் பொய் சொல்கிற மாதிரி இருக்கிறது. பால்காரரிடம் இன்ஜினியரிங் என்றேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் பி.காம். என்றேன். இரண்டு பேரும் பேசிக்கொண்டால் மாட்டினேன்.

இன்ஜினியரிங் கட்-ஆஃப் இருநூறுக்கு 163.

மே 11, ஞாயிறு

திருப்பூரிலிருந்து பெரியப்பா போன். "ரூபிணி, கம்ப்யூட்டர் எடு. கண்ண மூடிக்கிட்டு எடு." பெரியப்பா மகனும் கண்ணை மூடிக்கொண்டுதான் சிவில் எடுத்தான். இப்போது செல்போன் கடையில் கவர் மாட்டிக் கொடுக்கிறான். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மதியம் அப்பா ஒரு பழைய டிக்கெட் கட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். அரசு ஒதுக்கீட்டில் தனியார் இன்ஜினியரிங் காலேஜ் என்றால் வருடத்துக்கு ஐம்பதாயிரம். வீட்டில் (தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள்) யாருமே டிகிரி முடிக்கவில்லை என்று முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கினால் அதில் பாதி தள்ளுபடி. பாதி என்றால் தாங்கும், முழுசு என்றால் தாங்காது. கணக்கு அவ்வளவுதான்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முழுக் கட்டணமும் இல்லை. ஆனால் ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நான் எட்டாவதுவரை டை கட்டிக்கொண்டு மெட்ரிக் ஸ்கூலுக்குப் போனவள். அந்த டையை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

மே 14, புதன்

அம்மாவும் நானும் இ-சேவை மையத்துக்குப் போய் இன்ஜினியரிங் சேர்க்கைக்கும் சான்றிதழுக்கும் விண்ணப்பம் போட்டோம். தந்தையின் படிப்பு: பத்தாம் வகுப்பு. தாயின் படிப்பு என்று கேட்டபோது அம்மா என் தோளுக்கு மேலாக, "பிளஸ் டூன்னு போடுங்க" என்றாள்.

கல்லூரிப் பட்டியலில் 'தன்னாட்சி' என்று பாதிக் கல்லூரிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்குப் புரியவில்லை. "அவுங்களே கொஸ்டின் பேப்பர் எடுத்து, அவுங்களே திருத்துவாங்க. மத்த காலேஜுக்கெல்லாம் யுனிவர்சிட்டி எடுக்கும். அங்க அரியர் வச்சா எழுந்திரிக்கிறது கஷ்டம்" என்றாள் அம்மா. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்றேன். பிளவுஸ் தைக்க வரும் டீச்சர் சொன்னார்களாம். டீச்சர்கள் அளவு கொடுக்கும்போது நிறையப் பேசுவார்கள் போலிருக்கிறது.

மே 16, வெள்ளி

பள்ளியில் ஆர்வத்தைக் கண்டுபிடிக்கும் தாள் கொடுத்தார்கள். நாற்பது கேள்வி. 'உங்களுக்குத் தனியாக இருக்கப் பிடிக்குமா, கூட்டத்தோடு இருக்கப் பிடிக்குமா?' யாருடைய கூட்டம் என்று தெரியாமல் எப்படிச் சொல்வது? கடைசியில் எனக்கு வந்த விடை: 'நீங்கள் எல்லாத் துறைகளிலும் பிரகாசிக்கலாம்.' ஷமீமா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு உண்மையிலேயே எது பிடிக்கும் என்று உட்கார்ந்து யோசித்தேன். போன வருடம் அப்பாவின் மினிபஸ்ஸும் இன்னொரு மினிபஸ்ஸும் ஒரே நேரத்தில் ஸ்டாண்டுக்கு வந்து சண்டை நடந்தபோது, இரண்டுக்கும் நேரத்தை மாற்றி எழுதிக் கொடுத்தேன். நாலு நாள் சோறு தண்ணி இல்லாமல் அதையே செய்துகொண்டிருந்தேன். முதலாளி இன்றுவரை அந்த நேரத்தில்தான் ஓட்டுகிறார். ஆனால் அதெல்லாம் ஒரு படிப்பா? வேறு எதுவும் தோன்றவில்லை.

மே 22, வியாழன்

சான்றிதழ் விசாரணைக்கு வி.ஏ.ஓ. வந்தார். வரும்போதே யாரோடோ பட்டா பற்றிப் போனில் சண்டை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "வீட்ல யாரும் டிகிரி இல்லையே?" என்றார்.

"இல்லீங்க சார்" என்றார் அப்பா.

"அம்மா?"

"பிளஸ் டூ" என்றாள் அம்மா. பிறகு, "சார், இனிமேப்பட்டு வீட்ல யாராச்சும் டிகிரி முடிச்சா?" என்று கேட்டாள்.

"முடிச்சா முடிச்சதுதாம்மா. பட்டதாரி இருக்குன்னு தெரிஞ்சா அவ்ளோதான். குடுத்தத எல்லாம் திருப்பிக் கட்டச் சொல்லுவான்."

அப்பா சிரித்துவிட்டார். "எங்க வீட்ல இனிமே யாரு சார் முடிக்கப் போறா, நானா?" வி.ஏ.ஓ.வும் சிரித்தார், நானும் சிரித்தேன். அம்மா டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஜூன் 2, திங்கள்

அரசுக் கலைக் கல்லூரிக் கலந்தாய்வு. எதற்கும் இருக்கட்டும் என்று அங்கேயும் விண்ணப்பித்திருந்தோம். என் முறை வந்தபோது பி.எஸ்சி. கணிதம் மட்டும்தான் மிச்சம். வருடத்துக்கு ரெண்டாயிரம் சொச்சம் கட்டணம். சான்றிதழ் கூடத் தேவையில்லை. பேராசிரியர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "சேர்றியாம்மா, இல்லியா?" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்காமல் மேஜையில் இருந்த பாடத்திட்டத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யோசிச்சு..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவர் "அடுத்த ஆள்" என்று சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது அம்மா, "கணக்கு வேணாமா பாப்பா?" என்றாள்.

"கணக்கு படிச்சு என்னம்மா ஆவப் போவுது?"

"ஒன்னும் ஆவாதுதான்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரே யோசனை. கையில் வந்த ஒன்றைத் தட்டிவிட்டேனோ என்று பயம். கம்ப்யூட்டர் கிடைக்காவிட்டால்? கிடைத்து எனக்குப் பிடிக்காவிட்டால்?

ஜூன் 5, வியாழன்

பழைய புத்தகங்களை ஜூனியர் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். கணக்குப் புத்தகம் இரண்டையும் மட்டும் அம்மா எடுத்து வைத்துக்கொண்டாள். "இது இருக்கட்டும். இருபது தேதிக்கு மேல குடுத்துக்கலாம்." எதற்கு என்று நான் கேட்கவில்லை. அரிசி ஊறப்போட வேண்டியிருந்தது.

ஜூன் 9, திங்கள்

முதல் பட்டதாரிச் சான்றிதழ் வந்துவிட்டது. பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். கைகூப்பும் படம் வந்தது.

ஜூன் 12, வியாழன்

வெயில். தண்ணீர் லாரி வரவில்லை. அம்மா தலைமையாசிரியை வீட்டுக்கு பிளவுஸ் கொடுக்கப் போயிருந்தாள். ஷமீமாவின் தாவணிக்கு அளவு பார்க்க அளவு நோட்டை எடுத்தேன். அதில் ஒரு தாள் இருந்தது. அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

தாவணிக்கு ரெண்டரை மீட்டர்.

ஜூன் 13, வெள்ளி

எழுதாமல் இருந்தால் அது இல்லை என்று ஆகிவிடாது.

அது ஹால் டிக்கெட். வீ. தமயந்தி, பி.எஸ்சி. கணிதம், சேர்ந்த ஆண்டு 2003. பழைய மாணவர்களுக்கான சிறப்பு அரியர் தேர்வு. ஜூன் 18, திருச்சி. காலையில் ஒரு தாள், மதியம் ஒரு தாள். போட்டோவில் அம்மா, பொங்கலுக்கு எடுத்த பச்சைப் புடவையில். நோட்டின் பின்பக்கத்தில் பத்துப் பதினைந்து பக்கம் கணக்கு. தோள், கை, மார்பு அளவு அல்ல. கணக்கு.

ஆக, அம்மா மூன்று வருடம் காலேஜுக்குப் போயிருக்கிறாள். இரண்டே இரண்டு தாள் பாக்கி. இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வர வேண்டுமா, பெருமை வர வேண்டுமா என்று தெரியவில்லை. எனக்கு வந்தது பயம். 18ஆம் தேதி எழுதி அம்மா பாஸ் பண்ணிவிட்டால் நான் முதல் பட்டதாரி இல்லையே.

தாளை மடித்து இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

அம்மா சட்னி அரைத்துக்கொண்டே, "புதன்கெழம திருச்சில ஒரு கல்யாணம் பாப்பா. கூடப் படிச்சவ மவளுக்கு. காலையில போய்ட்டு சாயந்தரம் வந்துரலாம்னு பாக்குறேன்" என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அன்னிக்கு எனக்குப் புதுக்கோட்டைல சர்டிஃபிகேட் சரிபார்ப்பு. நீ வரணும்" என்றேன்.

"அப்பா வரக்கூடாதா?"

"அம்மா வந்தா நல்லதுன்னு சொன்னாங்க."

யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சரிபார்ப்பு என்று ஒன்று இருப்பது உண்மை. அழைத்தால் போக வேண்டும் என்று இணையதளத்தில் போட்டிருக்கிறது. அந்த வாரத்தில்தான் போட்டிருக்கிறது. அதனால் நான் சொன்னது முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

அம்மா, "சரி" என்று மட்டும் சொன்னாள். மிக்ஸியை மறுபடி போட்டாள்.

ஜூன் 16, திங்கள்

வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போய் ஒரு தடவை தெளிவாகக் கேட்டுவிடலாம் என்று சைக்கிளை எடுத்தேன். தபால் ஆபீஸ் வரை போய்த் திரும்பிவிட்டேன். வெயில் அதிகம்.

ஜூன் 18, புதன்

காலை எட்டு மணி பஸ்ஸில் அம்மாவும் நானும் புதுக்கோட்டைக்குப் போனோம். சரிபார்ப்பு மையத்தில் இருந்த சார் என் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒனக்குத்தான் ஆன்லைன்லயே முடிஞ்சு போச்சேம்மா. மெசேஜ் வரலியா? எதுக்கு அலையிறீங்க?" என்றார். மெசேஜ் வந்திருந்தது. நேற்றே வந்துவிட்டது.

அம்மா என் சான்றிதழ் ஃபைலை எடுத்துக்கொண்டு நடந்தாள். புது பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ் புறப்படத் தயாராக நின்றது. கண்டக்டர், "திருச்சி, திருச்சி, நிக்காம போவும்" என்று கத்திக்கொண்டிருந்தார். மணி ஒன்பதே முக்கால். காலைத் தாள் போனாலும் மதியத் தாள் இருந்தது. ஒரு மணி நேரத்துப் பயணம்தான். நான் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "தாகமா இருக்கும்மா" என்றேன். அம்மா எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாள். தனக்கு வேண்டாம் என்றாள்.

அறந்தாங்கி பஸ்ஸில் ஜன்னல் சீட் எனக்கு. அம்மா மடியில் என் சான்றிதழ் ஃபைலை வைத்துக்கொண்டு வழி முழுக்கக் கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை.

ஜூன் 21, சனி

கணக்குப் புத்தகம் இரண்டையும் அம்மாவே கொண்டுபோய் ஜூனியர் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஜூன் 27, வெள்ளி

இன்ஜினியரிங் ரேங்க் 78,412. எனக்கு முன்னால் எழுபத்தெட்டாயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். அத்தனை பேருக்குமா தனக்கு என்ன வேண்டும் என்று தெரியும்?

ஜூலை 28, திங்கள்

விருப்பப் பட்டியல் பதிவு செய்தேன். நாற்பத்தொன்று. பெரியப்பா போனில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அப்பா எழுத, நான் தட்டினேன். முதல் இருபதும் கம்ப்யூட்டர். அதற்கு மேல் பெரியப்பாவுக்கும் யோசனை ஓடவில்லை. "மிச்சத்த நீயே போட்டுக்க" என்று வைத்துவிட்டார். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டேன்.

அம்மா ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். "வரிசைய மட்டும் யோசிச்சுப் போடு பாப்பா. அப்பறம் மாத்த முடியாது." அம்மா இப்போதெல்லாம் சாதாரணமாக எதைச் சொன்னாலும் எனக்குத் திக்கென்று இருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

கிடைத்துவிட்டது. திருச்சி ரோட்டில் ஒரு தனியார் கல்லூரி. மின்னணுவியல் மற்றும் தொடர்பியல். பட்டியலில் இருபத்தாறாவது. அதை ஏன் அங்கே போட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அப்பா ஸ்டாண்டில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். "எலக்ட்ரானிக்ஸ்" என்று சொல்ல அவருக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஷமீமாவுக்கு நர்சிங் கிடைத்துவிட்டது. அவள் அழுதாள், சந்தோஷத்தில். எனக்கும் அந்த மாதிரி அழ வேண்டும் போல இருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

கல்லூரியில் சேர்ந்தேன். அப்பாவும் நானும் போனோம். சான்றிதழைப் பார்த்துப் பாதித் தொகைக்கு ரசீது போட்டார் ஆபீஸ் மேடம். அப்பா பஸ் பாஸ் விசாரிக்க வெளியே போனபோது நான் அவரிடம் கேட்டேன்.

"மேடம், என் ஃப்ரெண்டு ஒருத்திக்காகக் கேக்குறேன். இந்தச் சான்றிதழ் வாங்குனப்பறம் அவ அம்மா டிகிரி பாஸ் பண்ணிட்டா கேன்சல் ஆயிருமா?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எதுக்கு ஆவுது? வாங்குன தேதில வீட்ல பட்டதாரி இல்லேல்ல? அதுதான் கணக்கு. அப்பறம் அம்மா பாஸ் பண்ணா சந்தோசம்தானே. போய் சாக்லேட் வாங்கிக் குடுக்கச் சொல்லு."

வெளியே வந்ததும் அப்பா, "ஏன் தாயி மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். பசி என்றேன். பரோட்டா வாங்கிக் கொடுத்தார். பாதியை அப்பா பக்கம் தள்ளிவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நாளை வகுப்பு தொடங்குகிறது. அப்பா காலை ட்ரிப்புக்குப் போய்விட்டார். அம்மா எனக்குச் சுடிதாருக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஹால் டிக்கெட்டைப் பார்த்தது, புதுக்கோட்டையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை என்று தெரிந்தே கூட்டிப்போனது, ஆபீஸ் மேடம் சொன்னது. அழுகை நடுவில் வந்தது. அப்படியும் நிறுத்தவில்லை.

அம்மாவும் மெஷினை நிறுத்தவில்லை. ஓரம் முடிந்து நூலைக் கடித்த பிறகுதான் பேசினாள்.

"நீ பாத்தது எனக்கு அன்னிக்கே தெரியும். நான் மூணா மடிச்சு வச்சிருந்தேன். நீ நாலா மடிச்சு வச்சிருந்த."

"அப்ப ஏம்மா என்னய ஒன்னும் கேக்கல?"

"கேட்டேனே. கல்யாணத்துக்குப் போவணும்னு கேட்டேன்ல, அதான் கேட்டது. நீ 'போம்மா'ன்னு சொன்னா போவலாம்னு இருந்தேன். சொல்லலன்னா வேணாம்னு இருந்தேன்."

அம்மாவே மிச்சத்தையும் சொன்னாள். கடைசிப் பரீட்சை நடந்த வாரத்தில்தான் அம்மாவுக்குக் கல்யாணம். நலுங்கு வைத்த பெண் வாசல் தாண்டக் கூடாது என்று இரண்டு தாளுக்கும் விடவில்லை. மாப்பிள்ளை பத்தாவது என்பதால், பெண் பிளஸ் டூ என்றே பேசி முடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு மாற்றிச் சொல்ல ஒரு சந்தர்ப்பமே வரவில்லையாம்.

"அப்பாவுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியும்னுதான் நெனைக்கிறேன். அவரு கேக்க மாட்டாரு, நானும் சொல்ல மாட்டேன். அப்படியே ஓடிப் போச்சு."

"ஒனக்குக் கணக்கு புடிக்குமாம்மா?"

"புடிக்குமான்னு யாரு கேட்டா. அன்னிக்கு அந்தக் காலேஜுல அந்தச் சீட்டுதான் இருந்துச்சு, சேத்து வுட்டாங்க. ரெண்டாவது வருசம் புடிச்சுப் போச்சு."

"மறுபடி இந்த மாதிரிப் பரீட்சை வைப்பாங்கல்ல?"

"எனக்குத் தெரிஞ்சு இத்தன வருசத்துல இது ஒரு தடவதான் வந்துச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். சுடிதாரை உதறி என் தோளில் வைத்து உயரம் பார்த்தாள். சரியாக இருந்தது.

எனக்கு எலக்ட்ரானிக்ஸ் பிடிக்குமா என்று இன்னும் தெரியாது. பிடிக்காவிட்டால் முதல் வருடத்தோடு நின்றுவிட்டு வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்று இத்தனை நாளும் மனதுக்குள் ஒரு வழி வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, இதிலும் எழுதவில்லை. இன்றைக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் எட்டு செமஸ்டரும் ஒரு தாள் பாக்கி இல்லாமல் முடித்தாக வேண்டும். மிகவும் பயமாக இருக்கிறது. பஸ் காலை ஆறரைக்கு.